உருகுவதும் ஆவியாவதும்: கொழும்பு வெக்கைக்கு ஒரு பழைய பாடம்



மருத்துவர்கள் மேடை ஏறினால் சீனி வருத்தத்தைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்திருப்பீர்கள். நாங்கள் இரசாயனவியல் பேச வந்திருக்கிறோம். உயர்தர வகுப்பில் 'எந்திரப்பி' என்ற சொல்லைக் கேட்டு வயிறு கலங்கியவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். பயப்பட வேண்டாம், பரீட்சை வைக்கமாட்டோம்.

பனிக்கட்டியில் மூலக்கூறுகள் காலைக் கூட்டத்தில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி, அவரவர் இடத்தில் நிற்கும். உருகினால் இடைவேளை: நெருக்கியடித்துக்கொண்டு நகரும். ஆவியானாலோ பள்ளிக்கூடம் விட்டாயிற்று, ஆளுக்கொரு பக்கம். மூலக்கூறுகளும் சக்தியும் இப்படிப் பரவுவதற்கு எத்தனை வழிகள் உண்டு என்பதன் அளவுதான் எந்திரப்பி. ஒரு மூல் பனிக்கட்டி 0 பாகையில் உருகும்போது அது கெல்வினுக்கு 22 யூலால் கூடுகிறது. அதே நீர் 100 பாகையில் ஆவியாகும்போது 109 யூலால் கூடுகிறது. ஐந்து மடங்கு! பல திரவங்கள் கொதிக்கும்போது இந்த மாற்றம் ஏறத்தாழ 88 யூல்தான் என்று 1884இல் அயர்லாந்துக்காரரான பிரெடெரிக் ட்ரவுட்டன் காட்டினார். நீர் அந்த விதிக்கு அடங்கவில்லை. ஐதரசன் பிணைப்புகள் திரவ நிலையிலேயே அதை ஓரளவு ஒழுங்காகப் பிடித்து வைத்திருப்பதால், விடுபடும்போது மாற்றம் பெரிது.

எங்கள் உடம்பு நம்பியிருப்பது இந்தப் பெரிய எண்ணைத்தான். தோலில் ஒரு கிராம் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 2,400 யூல் வெப்பத்தைக் கொண்டு போகும். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் வெப்பநிலையை 1 பாகை குறைக்க 90 கிராம், அதாவது அரைக் கோப்பைத் தேநீர் அளவு வியர்வை போதும். ஆனால் அது ஆவியாக வேண்டும். சொட்டி நிலத்தில் விழும் வியர்வையால் பயன் இல்லை.

கொழும்பில் சிக்கல் இங்கேதான். ஆவி பரவிச் செல்லக் காற்றில் இடம் வேண்டும். ஏற்கெனவே நீராவி நிறைந்த காற்றுக்குள் இன்னும் ஆவி போவதால் கிடைக்கும் எந்திரப்பி ஆதாயம் குறைவு, ஆவியாதல் மந்தமாகிவிடும். வெள்ளவத்தைத் தொடர்மாடியில், யன்னலைப் பூட்டிவிட்டு உள்ளேயே உடுப்புக் காயப்போடும் அறையையும், கொட்டாஞ்சேனையில் தகரக் கூரைக்குக் கீழே காற்றோட்டம் இல்லாத வீட்டையும் நினைத்துப் பாருங்கள். மின்விசிறி செய்வது தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றைத் தள்ளிவிடுவதுதான். (ரொறன்ரோவிலிருந்து வந்தவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும்: மாரியில் வீட்டுக்குள் காற்று உலர்ந்து தோல் வெடிக்கும்.)

சூரியன் ஏப்ரலில் எங்கள் தலைக்கு நேரே வரும். அதற்கு முந்திய மாதங்களில்தான் இல்ல விளையாட்டுப் போட்டிகளும் பயிற்சிகளும். ஓடிய பிள்ளை தடுமாறி, பிதற்றத் தொடங்கி, உடல் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டினால் அது வெப்பத்தாக்கு. சாதாரண மயக்கம் என்று விட்டுவிடக் கூடாது. பரசிற்றமோல் இதற்கு உதவாது. நினைவு தெளிவில்லாத பிள்ளைக்குக் குடிக்க எதுவும் கொடுக்கவும் கூடாது.

அந்த நேரத்தில் கை கொடுப்பது சின்ன எண்தான். உடலை 1 பாகை குறைக்க, உருகும் வெப்பத்தை மட்டும் கணக்கிட்டால், 600 கிராமுக்கு மேல் ஐஸ் வேண்டும். வியர்வையோடு பார்த்தால் இது ஏழு மடங்கு. ஆனால் ஐஸ் உருகுவதற்குக் காற்றின் தயவு தேவையில்லை. ஈரப்பதன் எவ்வளவு இருந்தாலும், தொட்ட உடம்பிலிருந்து நேரே வெப்பத்தை இழுத்துவிடும். ஆகவே பிள்ளையை நிழலுக்குக் கொண்டுபோய், கழுத்துவரை ஐஸ் தண்ணீரில் இருத்தித் தாங்கிப் பிடியுங்கள். தொட்டி இல்லாவிட்டால் ஐஸ் தண்ணீரில் தோய்த்த துவாய்களால் உடம்பு முழுவதையும் மூடி, அவை சூடாக ஆக மாற்றுங்கள். அம்புலன்சுக்கு அறிவித்துவிட்டு, அது வரும்வரை குளிர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் குளிர்த்துவது, பிறகு கொண்டுபோவது.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். வரும் விளையாட்டுப் போட்டிக்கு வெற்றிக் கிண்ணங்களுக்குக் காசு சேர்க்கும்போது, ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்கும் இரண்டு ஐஸ் பெட்டிகளுக்கும் சேர்த்துச் சேருங்கள். பயிற்சி நாட்களிலும் அவை மைதானத்தில் இருக்கட்டும். துவாய்களை நாங்கள் கொண்டுவருகிறோம்.