சாண எரிவாயுக் கலனில் மணல் சேரலாமா?

"தினமும் சாணம் போடுறேன், அடுப்பு சரியா எரியலையே" என்று பலர் கேட்கிறீர்கள். தொழுவத்தில் வாரும் சாணத்தோடு மணலும் கலனுக்குள் போகிறது. சாணம் புளித்து வாயு தரும். மணல் மக்காது, அடியில் இறுகிவிடும். கலனில் இடம் குறைய, சாணம் முழுதும் புளிக்காமலே வெளியேறும். வாயுவும் குறையும்.

ஆகையால் கல், மண், வைக்கோலை முதலிலேயே நீக்குங்கள். ஒரு பங்கு சாணத்துக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் கரையுங்கள். கரைத்த தொட்டியில் சற்றுநேரம் மணல் அடங்கவிட்டு, மேலுள்ள கரைசலை மட்டும் உள்ளே விடுங்கள். அடியில் தங்கிய மணலை அன்றன்றே அள்ளிக் கொட்டுங்கள்.

படிவு மிகுந்துவிட்டதா? நீங்களாக உள்ளே இறங்காதீர்கள்! அங்கே பிராணவாயு இராது. நச்சு வாயு இருக்கும். இறங்கியவரைக் காப்பாற்றப் போகிறவருக்கும் அதே கதிதான். பயிற்சி பெற்றவர்களைக் கொண்டே சுத்தம் செய்யுங்கள்.