தாய் அளிக்கும் முதற்கவசம்

(ஆக்லாந்துத் தமிழ்க் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



நியூசிலாந்தில் கக்குவான் இருமல் கொள்ளைநோயாகப் பரவியுள்ளதாக 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில், ஒரு வயதும் நிரம்பாத மூன்று குழந்தைகளை இந்நோய் இந்நாட்டில் பலிகொண்டது. பாக்டீரியாவால் வரும் இந்நோய், பெரியவர்களுக்கு வாரக்கணக்கில் நீளும் இருமல். பச்சிளங்குழந்தைக்கோ, இருமலே இன்றி மூச்சு நின்றுவிடக்கூடிய பேராபத்து.

இங்கு குழந்தைக்கு முதல் தடுப்பூசி ஆறாவது வாரத்திலும், அடுத்தவை மூன்றாம், ஐந்தாம் மாதங்களிலும் இடப்படுகின்றன. அதுவரை குழந்தையைக் காப்பது எது? தாயின் குருதியிலுள்ள பிறபொருளெதிரிகளே. அவை நஞ்சுக்கொடி வழியே கருவைச் சென்றடைகின்றன. இறுதி மாதங்களில் மிகுதியாகச் செல்கின்றன. சீம்பாலும் எதிர்ப்பாற்றல் தருகிறது. எனினும் குருதிவழிக் காப்புக்கு அது ஈடாகாது.

"சிறுவயதில் ஊரிலேயே ஊசி போட்டாயிற்றே" எனச் சிலர் கருதலாம். அந்த எதிர்ப்பாற்றல் ஆண்டுகள் செல்லச் செல்லக் குன்றிவிடுகிறது. முதற்பேற்றின்போது இட்ட ஊசியும் அடுத்த குழந்தைக்குப் போதாது. ஆகவேதான் ஒவ்வொரு கருப்பத்திலும், 16ஆம் வாரம் முதல், இத்தடுப்பூசி பரிந்துரைக்கப்படுகிறது. பேற்றுக்கு இரு வாரங்களுக்கு முன்னரேனும் இட்டுக்கொள்ளல் வேண்டும். கருவுற்ற தாய்மாருக்கு 2013 முதல் இந்நாட்டில் இது இலவசம்.

பேறுகாலத் துணைக்கு ஊரிலிருந்து வரும் பாட்டிமாரும் அம்மம்மாமாரும் தம் தடுப்பூசி குறித்து மருத்துவரிடம் கேட்டறிவது நன்று. இருமல் உள்ளவர் எவராயினும் தொட்டிலை நெருங்காதிருப்பதே குழந்தைக்குக் காட்டும் அன்பு.