மடி கல்லானால் அது கண்ணூறு அல்ல
(தோட்டக் கமிட்டி மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தையும் சேமலாப நிதியையும் பேசும் இந்த இடத்தில் இன்று ஆட்டு மடியைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்காதீர்கள். பால்மா விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பும் வீடுகளில் பிள்ளைக்கு ஒரு கோப்பைப் பால் தருவது லயத்துக்குப் பின்னால் கட்டியிருக்கும் ஆடுதான்.

போன மழைக்காலத்தில் எங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்று மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குத் தேடிப் போனோம். ஆடு குட்டி போட்டு இரண்டு வாரம். ஒரு பக்க மடி வீங்கிக் கல்லாகி, குட்டிகளைக் கிட்டே விடாமல் உதைத்ததாம். அம்மா கொழுந்துக்குப் போனதால், குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுக்கப் பிள்ளை வீட்டில் நின்றது. கண்ணூறு என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டிருந்தார்கள். நாங்கள் பார்த்தபோது மடி நீலம் பாரித்துச் சில்லென்று இருந்தது. மறுநாள் ஆடு செத்தது.

அது கண்ணூறு அல்ல, மடிவீக்க நோய். காம்புத் துளை வழியாகக் கிருமி உள்ளே போவதால் வருகிறது. அழுக்குக் கை, ஈரத் தரை, காம்பில் காயம் ஆகியவை அதற்கு வழிவிடும். மடி நீலமாகிக் குளிர்ந்தால் அந்தச் சதை செத்துவிட்டது. ஆடு பிழைத்தாலும் அந்தப் பக்கத்துப் பால் திரும்பாது. ஆகவே தொடக்கத்திலேயே பிடிக்க வேண்டும்.

கறக்கும் முன் கையையும் காம்பையும் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு மூன்று பீச்சுப் பாலைக் கறுப்புத் துணி மேல் விட்டுப் பாருங்கள். கட்டி, திரி, இரத்தம் தெரிந்தாலோ பால் தண்ணீராக இருந்தாலோ நோய் தொடங்கிவிட்டது. அந்த ஆட்டைக் கடைசியாகக் கறக்க வேண்டும். கறந்த பின் காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை படுக்காமலிருக்க முன்னால் புல் போடுங்கள். கொட்டிலுக்குப் பலகை அடித்து உயர்த்துங்கள்.

நோய் கண்டால் அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். பக்கத்து வீட்டில் மிஞ்சிய மருந்து வேண்டாம். வீக்கம் வற்றினாலும் சொன்ன நாள் முழுக்க மருந்து கொடுங்கள். இல்லாவிட்டால் நோய் திரும்பி வரும். வைத்தியர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலைக் குடிக்கக் கூடாது.

"வைத்தியரிடம் போனால் ஒரு பேர் போகுமே, பெரட்டுக்கு ஓடும் நேரத்தில் குழாயில் தண்ணீரும் இல்லையே" என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதனால்தான் இது சங்கத்தின் வேலையுமாகிறது. மாதம் ஒரு நாள் கால்நடை வைத்தியர் நம் டிவிசனுக்கு வர வேண்டும், விடிவதற்கு முன் லயத்துக் குழாயில் தண்ணீர் வர வேண்டும் என்று இரண்டு கோரிக்கை எழுதியிருக்கிறோம். தாள் தோட்டத் தலைவரிடம் இருக்கிறது. எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

நாளைக் காலை அந்தக் கறுப்புத் துணியையும் மறக்காதீர்கள்.