ஆங்கில வகுப்பில் வீட்டு மொழிகள்



ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய கருத்தரங்கு என்றால் சென்னையிலோ கோவையிலோ கூடுவதே வழக்கம். அதைக் கருவேப்பிலங்குறிச்சிக்குக் கொண்டுவந்த அமைப்பாளர்களைப் பாராட்டுகிறேன். இடம் பொருத்தமானது. அருகில் நெய்வேலி; 1956இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கிய பின் பல மாநிலக் குடும்பங்கள் வந்து சேர்ந்த ஊர். பக்கத்து விருத்தாசலத்து வகுப்புகளில் தமிழ், தெலுங்கு, உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். வேலை தேடி வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சேர்கிறார்கள். பன்மொழிப் பன்னாட்டுப் பள்ளி என்றதும் நம் கண்முன் மலையும் விடுதியும் வருகின்றன. ஆனால் அந்தப் பள்ளிகள் எதிர்கொண்ட கேள்வி நம் வகுப்பறைக்குள்ளும் நிற்கிறது: வீட்டில் வேறு வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தையும் அதன் இலக்கியத்தையும் எப்படிச் சொல்லித்தருவது?

கொடைக்கானலில் 1901இல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி. ஜெனீவாவில் 1968இல் உருவான இன்டர்நேஷனல் பாக்கலோரியட் திட்டத்தை இந்தியாவில் முதலில், 1976இல், ஏற்றது அதுவே. அத்திட்டத்தில் மாணவர் தமக்கு நன்கு கைவந்த மொழியில் இலக்கியம் படிக்கலாம். அம்மொழிக்குப் பள்ளியில் ஆசிரியர் இல்லாவிட்டால், பள்ளியின் துணையோடு தாமே படித்துத் தேர்வு எழுதவும் வழி உண்டு. ஆங்கில இலக்கியத்தை உயர்நிலையில் எடுப்பவர் படிக்கும் 13 படைப்புகளில் குறைந்தது 4 மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டும். ஆங்கில இலக்கிய வகுப்புக்குள் பிற மொழிகள் வந்தே ஆகவேண்டும் என்று விதியே செய்திருக்கிறார்கள். நம் பாடத்திட்டக் குழுக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பக்கத்துப் புதுச்சேரியில் 1943இல் தொடங்கிய அரவிந்தர் ஆசிரமப் பள்ளி வேறு வழியில் போனது. அங்கே கணிதமும் அறிவியலும் பிரெஞ்சில். வரலாறும் இலக்கியமும் ஆங்கிலத்தில். தாய்மொழிக்கும் தனி வகுப்பு. ஒரு மொழியே எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை என்ற துணிவு அதில் இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் முன்னோடி யாழ்ப்பாணத்தில் இருந்தது. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் 1823இல் நிறுவிய செமினரியில் தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலத்தின் வழியே கணிதமும் வானியலும் கற்றார்கள். அதே கூரையின் கீழ் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் ஆழமாகக் கற்றார்கள். அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். ஆங்கிலத்தில் தேறிய அந்தத் தாமோதரம்பிள்ளைதான் பின்னாளில் ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தொகுத்து, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஆங்கிலம் நன்றாக வர வேண்டுமானால் தமிழை ஓரங்கட்ட வேண்டும் என்று இன்று நம் பெற்றோரிடம் சொல்கிறவர்கள் இந்த வாழ்க்கையைப் படிக்க வேண்டும். மிஷன் தலைமையின் முடிவால் 1855இல் செமினரி மூடப்பட்டது. முப்பத்திரண்டே ஆண்டுகள் நடந்த ஒரு பள்ளி தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இவ்வளவு செய்ததை எண்ணும்போது எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

தமிழில் பேசினால் அபராதம் வாங்கும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. அது கல்வி முறையே அல்ல, பிள்ளையை அவமதிப்பது. கனடா ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் தெளிவாகக் காட்டியது ஒன்று உண்டு. புது மொழியில் அன்றாடப் பேச்சு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் பழகிவிடும். பாடநூலைப் படித்து வாதிடவும் எழுதவும் தேவையான மொழி கைவர ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். அந்த இடைக்காலத்தில் பிள்ளை தன் வீட்டு மொழியில்தான் யோசிக்கிறது. அதைப் பூட்டிவிட்டால் யோசனையையே பூட்டுகிறோம். நன்றாக ஆங்கிலம் பேசுகிற பிள்ளை தேர்வில் தடுமாறினால் சோம்பல் என்று முத்திரை குத்துகிறோம். அது மிகப் பெரிய அநீதி.

முறை பற்றியும் ஒரு வார்த்தை. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு பெங்களூரிலும் தமிழகத்திலும் சாதாரணப் பள்ளிகளில் நடத்திய சோதனையை உலகமெங்கும் ஆங்கில ஆசிரியர்கள் படிக்கிறார்கள், நாம்தான் மறந்துவிட்டோம். இலக்கண விதியை மனப்பாடம் செய்ய வைக்காமல், ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னார். விடை தேடும்போதே மொழி வந்து சேரும் என்பது அவர் நம்பிக்கை. விருத்தாசலம் சந்திப்பிலிருந்து விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என நான்கு பக்கமும் பாதை பிரிகிறது. இதைவிட நல்ல பாடம் எந்த அச்சுப் புத்தகத்தில் இருக்கிறது? அங்குள்ள செராமிக் கூடத்தில் ஓர் அகல் விளக்கு களிமண்ணிலிருந்து அச்சு, உலர்த்தல், சூளை என்று வருவதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, முதலில் தங்களுக்குள் தமிழிலோ உருதிலோ பேசி, பிறகு ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். செயப்பாட்டு வினைக்குத் தனி வகுப்பு தேவைப்படாது.

இலக்கியத்துக்கும் நாம் தொலைவு போக வேண்டாம். விருத்தாசலத்தில் வாழ்ந்து, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய எழுத்தாளர் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவல் 1994இல் வந்தது. லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் அதை ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதும் இமையத்துக்குக் கிடைத்தது. அந்நாவலில் வரும் வண்ணாரப் பெண் ஆரோக்கியத்தின் வாழ்வை இம்மண்ணின் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்தால், சொல்லுக்குப் பொருள் தேடி நோட்ஸைப் புரட்ட மாட்டார்கள், மொழிபெயர்ப்பாளரோடு வாதாடுவார்கள். ஷேக்ஸ்பியரும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வாதாடப் பழகிய பிள்ளையிடம்தான் ஷேக்ஸ்பியர் பேசுவார்.

ஆகவே, இந்த இரண்டு நாளும் கட்டுரை வாசித்துக் கலைந்துவிட வேண்டாம் என்று உங்களை வேண்டிக்கொள்கிறேன். பிரிவதற்குள் ஒன்பதாம் வகுப்புக்கு ஏற்ற பத்து வகுப்பறைப் பணிகளையும், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த ஐந்து சிறுகதைகளையும் தேர்ந்து, இவ்வட்டாரப் பள்ளிகள் அனைத்துக்கும் அனுப்பிவையுங்கள். வரும் கல்வியாண்டிலேயே அவை வகுப்பில் ஓடட்டும். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.