கோணலாக இருப்பதெல்லாம் குறையல்ல
(தொலைக்காட்சி அரங்கில் ஒரு வடிவமைப்பாளர் ஆற்றிய உரை)



விசித்திரமான கட்டடங்களைப் பற்றியும் அவற்றை உருவாக்கும் கைகளைப் பற்றியும் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். நான் மேடைப் பேச்சாளன் அல்லன். செலண்டார் வட்டாரத்துத் தோட்டத்தில் பிறந்து, இன்று கடைகளுக்கும் வீடுகளுக்கும் ஆலயங்களுக்கும் வரைபடம் போட்டுப் பிழைப்பவன். ஆகவே, பெரிய தத்துவம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். பார்த்ததையும் செய்ததையும் சொல்கிறேன்.

ஒரு கட்டடம் நமக்குப் பழகிய வடிவத்தில் இல்லையென்றால் உடனே சிரித்துவிடுகிறோம். "யாரப்பா இதைக் கட்டினது?" என்று கேலியாகக் கேட்கிறோம். அதே கேள்வியைக் கேலி இல்லாமல் கேட்டுப் பாருங்கள் என்பதுதான் இன்று என் வேண்டுகோள். யார் கட்டினார்கள்? அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள்? அவர்களுடைய பெயர் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா?

செலண்டாரிலிருந்து புறப்பட்டால் ஒரு மணி நேரத்திற்குள் மலாக்கா நகரத்தை அடைந்துவிடலாம். அங்கே ஜாலான் துக்காங் எமாஸ் என்றொரு தெரு. பொற்கொல்லர் தெரு என்று பொருள். பக்கத்திலேயே ஜாலான் துக்காங் பெசி, அதாவது இரும்புக் கொல்லர் தெரு. தொழிலின் பெயர் தெருவில் நிலைத்துவிட்டது. தொழிலாளியின் பெயர்தான் காணாமல் போய்விட்டது.

அந்தத் தெருவில் கம்போங் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. கிளிங் என்ற சொல்லில் நமக்கு மனத்தாங்கல் உண்டு. அதை இன்னொரு நாள் பேசுவோம். இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748-இல் மரத்தால் எழுப்பிய பள்ளிவாசல் அது. 1872-இல் செங்கல்லால் மீண்டும் கட்டப்பட்டது. மேலே குவிமாடம் இல்லை. சுமத்ரா, ஜாவா பாணியில் அடுக்கடுக்கான கூரை. பாங்கு சொல்லும் கோபுரமோ சீனப் பகோடாவைப் போல நிற்கிறது. உள்ளே போனால் ஐரோப்பியத் தூண்களும் விக்டோரியா காலத்துச் சரவிளக்கும். கட்டடக்கலை மாணவன் ஒருவன் இப்படி ஒரு படம் வரைந்து கொடுத்தால், "ஒன்றோடு ஒன்று சேரவில்லை" என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்கள். ஆனால், நேரில் பார்க்கும்போது எல்லாம் சேர்ந்துதான் இருக்கிறது.

காரணம் எளிமையானது. தச்சனுக்குத் தன் ஊர்க் கூரைதான் போடத் தெரியும். கொத்தனார் தன் தகப்பனிடம் கற்றதைத்தான் கட்டுவார். வணிகரோ கப்பலில் வந்த ஓட்டையும் விளக்கையும் வாங்கிக் கொடுப்பார். நமக்கு இன்று விசித்திரமாகத் தெரிவது, அன்று அங்கே வேலை செய்தவர்களின் வருகைப் பதிவேடு.

அதே தெருவில் சில அடிகள் தள்ளி ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம். மலாக்கா செட்டி சமூகத்திற்கு டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் 1781-இல் கட்டப்பட்டது. இன்னும் சற்று நடந்தால் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் சீன ஆலயம். அதன் கூரையை அண்ணாந்து பாருங்கள். பூக்களும் பறவைகளும் வெட்டிய பீங்கான் துண்டுகளை ஒட்டிச் செய்யப்பட்டவை. உடைந்த கிண்ணத்தைக் குப்பையில் போடாமல் கூரைமேல் ஏற்றியிருக்கிறார்கள். மலாக்கா நகரம் 2008-இல் ஜார்ஜ் டவுனோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இந்தக் கலப்புதான் அந்தப் பெருமைக்கு அடிப்படை.

இனி பேராக்கிற்குப் போவோம். பத்து காஜா அருகே கெல்லி காசலைப் பள்ளிச் சுற்றுலாவில் பலரும் பார்த்திருப்பீர்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1915 வாக்கில் தொடங்கிய மாளிகை அது. மலாயாவின் முதல் மின்தூக்கியை அதில் பொருத்தத் திட்டமிட்டிருந்தார். வேலைக்காக மதராஸிலிருந்து எழுபது தொழிலாளர்களை வரவழைத்தார். வளைவுகளைப் பாருங்கள். ஸ்காட்லாந்துக் கோட்டை என்று சொல்லவும் முடியாது, இந்திய அரண்மனை என்று சொல்லவும் முடியாது. 1926-இல் ஸ்மித் லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு இறந்தார். மாளிகை பாதியிலேயே நின்றுவிட்டது.

சுற்றுலாப் பயணிகள் அங்கே பேய்க்கதை கேட்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கதை பக்கத்திலிருக்கும் மாரியம்மன் ஆலயம். கட்டுமானம் நடந்தபோது பரவிய காய்ச்சலில் தொழிலாளர்கள் பலர் மாண்டார்கள். எஞ்சியவர்கள் அம்மனுக்கு ஓர் ஆலயம் வேண்டும் என்று கேட்டார்கள். முதலாளி சம்மதித்தார். நன்றிக்காக அவருடைய உருவத்தையும் தெய்வ உருவங்களோடு சேர்த்து ஆலயத்தின் மேலேயே வைத்துவிட்டார்கள். வெள்ளைக்காரத் துரை தொப்பியோடு சுதைச் சிற்பமாக நிற்கிறார்! சாஸ்திரம் படித்தவர்கள் முகம் சுளிக்கலாம். எனக்கோ அது அந்தத் தொழிலாளர்கள் எழுதிவைத்த கடிதமாகத் தெரிகிறது. ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். துரையின் பெயர் நமக்குத் தெரியும், முகம்கூடத் தெரியும். அந்த எழுபது பேரில் ஒருவருடைய பெயரை உங்களால் சொல்ல முடியுமா?

"அதெல்லாம் அந்தக் காலம். சாதாரணத் தொழிலாளிக்குக் கலை எங்கே வரும்?" என்று கேட்பவர்களுக்கு இந்தியாவின் சண்டிகர் நகரத்தைக் காட்டுவேன். உலகப் புகழ்பெற்ற லெ கொர்புசியே அளவுகோல் வைத்துத் திட்டமிட்ட நகரம் அது. அங்கே நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர், 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி, வேலை முடிந்த பிறகு காட்டுப் பகுதியில் ரகசியமாக ஒரு தோட்டம் அமைத்தார். உடைந்த வளையல், உடைந்த பீங்கான், வீடுகளை இடித்தபோது கிடைத்த கழிவு, இவைதான் அவருடைய சரக்கு. அதிகாரிகள் 1970-களில் கண்டுபிடித்தபோது அது சட்டப்படி இடிக்கப்பட வேண்டியது. இடிக்கவில்லை. 1976-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, அவருக்குச் சம்பளமும் உதவிக்கு ஆட்களும் கொடுத்தார்கள். 1984-இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. வேலைக்கு ஊதியம், உதவிக்கு ஆள், செய்தவருக்குப் பெயர். ஒரு கலைஞனுக்கு இந்த மூன்றும்தான் வேண்டும்.

நம் தோட்டத்து மக்களுக்கு இந்த நுணுக்கம் புதிதா? பால்மரம் வெட்டியவர்களைக் கேளுங்கள். வெட்டு இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் சரிந்து இறங்கும். மரப்பட்டைக்குள் பால்குழாய்கள் எதிர்ப்பக்கம் சற்றே சாய்ந்து ஓடுவதால், அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும். கத்தி ஆழமாகப் போய் மரத்தைத் தொட்டுவிட்டால் பட்டை மீண்டும் சரியாக வளராது. மேலோட்டமாகப் போனால் பால் வராது. விடியற்காலை இருட்டில், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த அளவைத் தவறவிடாமல் சீவினார்கள் நம் தாய்மார்கள். அந்தக் கைக்கு வடிவம் தெரியாது என்று யார் சொல்வது? அதை நாம் கூலி வேலை என்றோம். வடிவ அறிவு என்று சொல்ல நமக்குத் தோன்றவில்லை.

இன்றைய நிலைமைக்கு வருகிறேன். என் தொழிலில் அடிக்கடி கேட்கும் வாசகம், "படம்தானே போட்டீங்க, அதுக்கு எதுக்குக் காசு?" சிமெண்டுக்குக் காசு கொடுப்பார்கள், கதவுக்குக் கொடுப்பார்கள். கதவை எந்தப் பக்கம் வைத்தால் காற்று வரும், மழை வராது என்று நான்கு நாள் யோசித்ததற்குக் கொடுக்கத் தயங்குவார்கள். ஓர் ஆலயத் திருப்பணிக்கு நான் வரைந்து கொடுத்த படத்தை வாங்கிக்கொண்டு, பிறகு வேறொரு ஆலயத்தின் புகைப்படத்தைக் காட்டி, "இதே மாதிரி செய்துவிடுங்கள்" என்றார்கள். பழைய ஆலயத்தில் தோட்டத்து மக்கள் கைப்படச் செய்த காவல் தெய்வ உருவம் ஒன்று இருந்தது. கண் சற்றுப் பெரிது, மீசை ஒருபக்கம் கோணல். அழகாக இல்லை என்று அதையும் எடுத்துவிட்டார்கள். கோணல் மீசை போனது பெரிய விஷயமில்லை. அந்த மீசையை வைத்த பாட்டனின் கைரேகையும் சேர்ந்து போய்விட்டதே!

தோட்டங்கள் விற்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்துவிட்ட காலம் இது. எல்லாவற்றையும் காப்பாற்றுங்கள் என்று சொல்ல மாட்டேன்; நடக்காது. ஆனால், இடிப்பதற்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்கலாம் அல்லவா? கைப்பேசியில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். நீள அகலத்தை அளந்து எழுதி வையுங்கள். பெரியவர் யாராவது இருந்தால், இதை யார் கட்டியது என்று கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள். ஆலயத்தில் உபயதாரர் பெயர்களைப் பளிங்கில் செதுக்குகிறோம். மகிழ்ச்சி. அதன் கீழே சுதை வேலை செய்தவர், கொத்தனார், தச்சர் பெயர்களுக்கும் ஒரு வரி விடுங்கள். அதற்கு எத்தனை ரிங்கிட் கூடுதலாகிவிடப் போகிறது?

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" என்று கேட்கும் தகப்பனாரை நான் குறை சொல்ல மாட்டேன். வேலை போனால் வீடும் போகும் என்ற தோட்ட வாழ்க்கையில் வளர்ந்தவர் அவர். மாதச் சம்பளம்தான் பாதுகாப்பு என்று அவர் நினைப்பது நியாயம். இந்தத் தொழிலில் முதல் சில ஆண்டுகள் வருமானம் குறைவு என்பதும் உண்மை. ஆனால், பாதை இல்லாமல் இல்லை. இடைநிலைப்பள்ளியில் காட்சிக்கலை ஒரு பாடம், எஸ்.பி.எம். தேர்விலும் எடுக்கலாம். அரசாங்க பாலிடெக்னிக்குகளில் கட்டடக்கலைக்கும் வடிவமைப்புக்கும் டிப்ளோமா உண்டு. பிள்ளை நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் கிறுக்கியிருந்தால், திட்டுவதற்கு முன் ஒருமுறை, "இது என்ன, ஏன் இப்படி வரைந்தாய்?" என்று கேளுங்கள். கோணலாக வரைந்ததற்கு அந்தப் பிள்ளையிடம் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைச் சொல்லத் தெரிந்த பிள்ளை நாளை நல்ல வடிவமைப்பாளராக வர முடியும்.

நம் முன்னோர் இந்த நாட்டில் சாலை போட்டார்கள், தண்டவாளம் போட்டார்கள், மாளிகை கட்டினார்கள். அவர்களுடைய பெயரை நாம் எழுதி வைக்கவில்லை. பேரப்பிள்ளைகள் கட்டப்போவதிலாவது பெயரும் இருக்கட்டும், உரிய கூலியும் இருக்கட்டும்.