நாவலுக்குத் திட்டமா, நேரமா?

நாவல் எழுத விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: கதை முழுவதையும் திட்டமிட்ட பிறகு எழுதத் தொடங்குவதா, எழுத எழுதக் கண்டுபிடிப்பதா? வன்னியில் இருந்து எழுதுகிறவருக்குத் திட்டம் ஒரு குறையே அல்ல, அது கூடிப்போய்க் கிடக்கிறது என்பது என் எண்ணம். பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகிற, இறுதிப் போரில் சனம் இடம்பெயர்ந்து நடந்த ஏ-35 வீதியே அந்தத் திட்டம். 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்தின் கைக்குப் போனது. பிறகு தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மே மாதத்தில் முள்ளிவாய்க்கால். யார் எழுதினாலும் அத்தியாயங்கள் இதே ஒழுங்கில் வந்து நிற்கும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. சம்பவங்கள் தாமாகவே கதையை இழுத்துக்கொண்டு போகும்போது, அதற்குள் நடந்து போன மனிதர் யார் என்று எழுதுகிறவர் தேடாமலே விட்டுவிடலாம்.

அந்த மனிதரை முன்கூட்டிய வரைபடத்தில் பிடிக்க முடியாது. தினமும் உட்கார்ந்து எழுதினால்தான் அவர் அகப்படுவார். முடிவு எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு கதையைப் பாருங்கள். மகாபாரதத்தை ஜெயமோகன் ‘வெண்முரசு’ என்ற பெயரில் 2014 ஜனவரி 1 முதல் 2020 ஜூலை வரை, நாளொரு அத்தியாயம் என்ற கணக்கில், 26 நாவல்களாக எழுதினார். குருசேத்திரத்தில் யார் வெல்வார் என்று வாசகருக்கு முன்பே தெரியும். தெரியாதது, ஒவ்வொருவரும் அந்தக் களத்துக்கு எந்த மனதோடு வந்து சேர்ந்தார்கள் என்பது. அத்தனை ஆயிரம் பக்கங்களும் அதற்குத்தான் செலவாயின. நம் வன்னியிலேயே தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் வந்தது. அதன் கதையை நாலு வரியில் சொல்லிவிடலாம். காட்டோரக் கிராமத்துப் பதஞ்சலியை நாலு வரியில் சொல்ல முடியாது. ஐம்பது ஆண்டுகளாக அந்த நாவலை நாம் பேசுவது அவளுக்காகத்தான்.

வேலையும் வயலும் உள்ளவருக்குத் தினசரி எழுத்து எப்படிச் சாத்தியம் என்று கேட்பது நியாயம். ஆங்கில நாவலாசிரியர் அந்தனி டிரொலொப் பல ஆண்டுகள் தபால் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்தவர். காலை ஐந்தரை மணிக்கு மேசைக்கு வந்து, எட்டரைக்கு எழுந்துவிடுவார். கடிகாரத்தை முன்னால் வைத்துக் கால் மணிக்கு 250 சொற்கள் எழுதினார். அவருடைய நாவல்கள் 47. இந்தக் கணக்கு 1883இல் அவரது சுயசரிதையில் வெளியானபோது, இது இயந்திர வேலை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் அந்த நாவல்கள் இன்றும் வாசிக்கப்படுகின்றன. மூன்று மணித்தியாலம் எல்லோருக்கும் வாய்க்காது, உண்மை. அடுப்படியும் பிள்ளைகளும் தலையில் உள்ள பெண்ணுக்கு அரை மணி கிடைப்பதே பெரிது. அந்த அரை மணியை அவருக்கு ஒதுக்கிக் கொடுப்பது வீட்டில் உள்ள மற்றவர்களின் கடமை என்பேன்.

இதைவிடப் பாரமான மறுப்பு ஒன்று உண்டு. போரில் உறவுகளைப் பறிகொடுத்தவரைத் தினமும் அந்தக் காயத்தின் முன் உட்காரச் சொல்வது கொடுமை அல்லவா? இதற்கு நான் அவசரமாகப் பதில் சொல்ல மாட்டேன். ஆனாலும் டிரொலொப்பின் ஒழுங்கில் தொடங்கும் நேரம் இருந்ததுபோல முடிக்கும் நேரமும் இருந்தது. நேரம் குறிக்காத நினைவு நாள் முழுக்க ஆளைத் தின்னும். குறித்த நேரத்தில் கொப்பியை மூடிவிட்டு எழும்புவது எழுதுகிறவருக்கு ஒரு காவல். ஒவ்வொரு நாளும் ஷெல்லைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்றும் இல்லை. அந்த ஜனவரியில் அறுவடை செய்யாமல் விட்டுப்போன நெல்லைப் பற்றி ஒரு நாள் எழுதலாம். கட்டிவைத்த மாட்டை அவிழ்த்துவிட்ட கையைப் பற்றி இன்னொரு நாள்.

திட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திகதி பிழைத்தால் இந்த மண்ணின் வாசகர் மன்னிக்கமாட்டார், மன்னிக்கவும் கூடாது. ஆகவே ஊர், திகதி, மழை, போகம், யார் எங்கே இருந்தார் என்பதற்கு ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். கதைக்கு வேறு கொப்பி. அதில் அடுத்த அத்தியாயத்துக்கு மேல் எதையும் முன்கூட்டித் தீர்மானிக்காதீர்கள். கதையில் வரும் ஆள் நீங்கள் நினைத்ததற்கு மாறாக நடந்தால், மாற்ற வேண்டியது திட்டத்தைத்தான். காலபோக வேலை நெருக்கும் நாட்களிலும் பத்து வரியாவது எழுதுங்கள். நாளைக்கே தொடங்குங்கள்.