கிள்ளான் யாருக்கு?



கிள்ளான் பட்டணத்தில் கெடுங் ராஜா அப்துல்லா என்னும் பழைய பண்டகசாலை ஒன்று இருக்கிறது. 1857இல் கட்டியது. அதே பட்டணத்தில் கோத்தா ராஜா மஹாடி என்னும் கோட்டையின் வாசலும் இருக்கிறது. திருவிழாவுக்கும் துணிமணி வாங்கவும் அந்தப் பக்கம் போகிற நாம், இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. இவர்கள் இருவரும் ஒரே ராஜ குடும்பத்தைச் சார்ந்த உறவினர்கள். சொத்தும் கடனும் கொலையும் கலந்த இவர்கள் வழக்கைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

சிலாங்கூர் சுல்தான் முகம்மது கடன்பட்ட மன்னர். மலாக்கா வியாபாரிகளுக்கு அவர் தர வேண்டிய தொகையைத் தீர்க்க உதவியவர் அவருடைய மருமகன் ராஜா ஜுமாஅத். நன்றிக்கடனாக லுக்குட் வட்டாரம் ஜுமாஅத் கைக்குப் போயிற்று. கிள்ளானோ சுல்தானின் மகன் ராஜா சுலைமானிடம் இருந்தது. சுலைமான் இறந்தார். அவருடைய மகன் மஹாடிக்குத்தான் கிள்ளான் என்று ஊரே நினைத்திருக்க, சுல்தான் அதை ஜுமாஅத்தின் தம்பி அப்துல்லாவிடம் கொடுத்துவிட்டார். பேரனை விட்டுவிட்டு, கடன் தீர்த்தவரின் தம்பிக்கு! மஹாடியின் மனத்தில் முள் தைத்தது அன்றுதான்.

அப்துல்லா திறமையில்லாதவர் அல்லர். மலாக்கா வியாபாரிகளிடம் 30,000 வெள்ளி கடன் திரட்டி, 1857இல் 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியே மேலே அனுப்பினார். அவர்கள் அம்பாங்கில் ஈயம் தேடினார்கள். ஒரு மாதத்துக்குள் 69 பேர் காய்ச்சலில் மாண்டார்கள். மிஞ்சியவர் 18 பேர். கோலாலம்பூர் பிறந்த கதை இதுதான். பெரிய பெயர்களை நினைக்கும் நாம் அந்த 69 பேரையும் ஒரு நிமிடம் நினைக்கலாம். கூலிக்குக் காடு புகுந்தவர்களின் கஷ்டம் நம் வீட்டாருக்குத் தெரியாததல்ல.

அதே ஆண்டு சுல்தான் முகம்மது காலமானார். வாரிசு யாரென்று தெளிவாக இல்லை. அவருடைய சகோதரர் மகனும் மருமகனுமான அப்துல் சமாட், ஜுமாஅத் அப்துல்லா ஆகியோரின் ஆதரவோடு சுல்தானானார்.

1866இல் அப்துல்லா கிள்ளானின் வரி வசூலைச் சிங்கப்பூர் வியாபாரிகளான ரீட், டான் கிம் செங் இருவருக்கும் குத்தகைக்கு விட்டார். மஹாடியும் கிள்ளானில் அபின் வியாபாரம் செய்துவந்தார். குத்தகைக்காரர் வரி கேட்டார்கள். "ராஜ வம்சத்தவன் நான், வரி எதற்கு?" என்பது மஹாடியின் வாதம். அப்துல்லா விட்டுக்கொடுக்கவில்லை. அந்த நேரத்தில்தான் அந்தக் கொலை நடந்தது. அப்துல்லாவின் ஆட்களில் ஒரு பூகிஸ்காரர், சுமத்ராவின் பத்து பஹாரா மக்களில் ஒருவரைக் கொன்றுவிட்டார். அவர்களுடைய தலைவர் முகமட் அக்கிப் நியாயம் கேட்டு வந்தார். அப்துல்லா குற்றவாளியைத் தண்டிக்கவில்லை. அக்கிப் நேராக மஹாடியிடம் போனார்.

எங்கள் கணிப்பில், இந்த இடத்தில்தான் சண்டை போராக மாறியது. பங்கு கிடைக்காதவர் ஒருவர், நீதி கிடைக்காதவர் ஒருவர். இருவரும் சேர்ந்து 1867இல் கிள்ளானைப் பிடித்தார்கள். அப்துல்லா மலாக்காவுக்கு ஓடினார். அவருடைய மகன் இஸ்மாயில், தந்தை இழந்ததை மீட்கப் படையோடு திரும்பி வந்தார். கிள்ளானை வைத்திருப்பவர் சுல்தானுக்கு மாதம் 500 வெள்ளி தரவேண்டும்; மஹாடி அதையும் தரவில்லை. ஆகவே சுல்தானின் ஆதரவும் அவருக்குப் போயிற்று. சுல்தான் தம் மகளை மணந்த கெடா இளவரசர் தெங்கு கூடினைப் பிரதிநிதியாக்கினார். ஒரு மருமகனால் தொடங்கிய கதையில் இன்னொரு மருமகன் நுழைந்தார்!

1870இல் மஹாடி கிள்ளானை விட்டு வெளியேறினார். 1872இல் கோலாலம்பூர் வீழ்ந்தது, எரிந்தது. மறு ஆண்டு பகாங் படையின் துணையோடு அதை மீட்டார்கள். பாழான ஊரை யாப் ஆ லோய் மீண்டும் கட்டியதும் கடன் பணத்தில்தான். 1879இல் ஈயத்தின் விலை ஏறும்வரை அவர் கழுத்தளவு கடனில் இருந்தார்.

தெங்கு கூடினுக்குப் போர்ச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? கடன் கொடுத்தவர்களில் ஒருவர் சிங்கப்பூர் வழக்கறிஞர் டேவிட்சன். 1873 நவம்பரில் ஜுக்ரா ஆற்று முகத்துவாரத்தில் கொள்ளையர் ஒரு படகைத் தாக்கி, அதிலிருந்தவர்களைக் கொன்றார்கள், ஒருவரே தப்பினார். இதைக் காரணம் காட்டிப் பிரிட்டிஷார் சிலாங்கூர் விவகாரத்தில் தலையிட்டார்கள். தப்பியவர் அடையாளம் காட்டியவர்களுக்கு மரண தண்டனை நிறைவேறியது. அவர்கள் குற்றவாளிகள்தானா என்ற ஐயம் பின்னாளில் சுவெட்டன்ஹாமுக்கே வந்தது. 1875இல் சிலாங்கூரின் முதல் ரெசிடெண்டாக அமர்ந்தவர் யார்? கடன் கொடுத்த அதே டேவிட்சன்! போர்க் கடன்களைத் தீர்க்கும் சுமை மாநில வருமானத்தின் மேல் விழுந்தது. அப்துல்லாவின் வாரிசுக்கும் மஹாடிக்கும் பழைய கிள்ளான் கிடைக்கவில்லை.

பிறகுதான் செங்கல் சூளைகளால் பிரிக்பீல்ட்ஸ், 1886இல் கோலாலம்பூர் – கிள்ளான் ரயில், ரப்பர், நம்மவர் வருகை எல்லாம்.

அன்று யாருக்கு எவ்வளவு என்பது சுல்தானின் விருப்பம். இன்று சட்டம் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில், முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் 1958ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டப்படி சொத்து பிரியும். துணைவர், பிள்ளைகள், பெற்றோர் மூவகையும் இருந்தால் துணைவருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால் பங்கு. பெற்றோர் இல்லையென்றால் துணைவருக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. மகன், மகள் என்ற பேதம் கிடையாது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கில்லை என்று சில வீடுகளில் இன்றும் பேசுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

தகப்பன் வாங்கிய கடன்? அதை முதலில் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து தீர்க்க வேண்டும், மிஞ்சியதே பங்காகும். சொத்து போதாவிட்டால், ஜாமீன் கையெழுத்துப் போடாத பிள்ளை தன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. துக்க வீட்டுக்குக் கடன்காரர் காகிதத்தோடு வந்தால், "எழுத்து மூலமாகக் கணக்குக் கொடுங்கள்" என்று கேளுங்கள். "குடும்ப மானம்" என்று சொல்லிப் புதிய பத்திரத்தில் கையெழுத்து வாங்கப் பார்ப்பார்கள். அதைப் போட்டால் தகப்பன் கடன் அன்றிலிருந்து உங்கள் கடனாகிவிடும். நிலம் வீடு இருந்தால், சிறு சொத்துப் பகிர்வுக்கு மனுச் செய்ய மாவட்ட நில அலுவலகத்துக்குப் போகலாம். இறப்புச் சான்றிதழ், பிறப்புப் பத்திரங்கள், திருமணப் பத்திரம், நிலப்பட்டா ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போங்கள்.